வீட்டு டிவிஆரை நெட்டோடு இணைப்பது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டிவிக்கு வரும் உருண்டை வயர் மாதிரி) சிசிடிவி கேமரா இழுத்து, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரில் முடித்திருக்கும் வீடுகளுக்கானது இந்தப் பக்கம். ஹிக்விஷன், தாகுவா, சிபி பிளஸ் என்று கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் வயரைப் பாருங்கள், அடுத்து ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள முகவரி எண்), கடைசியில்தான் மொபைல் ஆப். பலரும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவதில் ஆரம்பிக்கிறார்கள். அரைமணி நேர வேலை அரைநாள் இழுப்பது அதனால்தான்.

இணைப்பதற்கு என்னென்ன சாமான் வேண்டும்?

ஃபைபர் மோடத்தில் காலியாக ஒரு லேன் போர்ட் (நெட் வயர் மாட்டும் துளை), ஒரு கேட்6 கேபிள் (நெட் வயர்), டிவிஆரின் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏவில் மாட்ட ஒரு டிவி, டிவிஆருடன் வந்த மவுஸ், அட்மின் பாஸ்வேர்டு. இந்தக் கடைசிச் சாமான்தான் பாதி வீடுகளில் இருக்காது. கேமரா போட்டவரிடம் மட்டும் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேபிள் 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஒரே வீட்டுக்குள் அந்தக் கணக்கு இடிக்காது. கவனிக்க வேண்டியது தரத்தை. விலை குறைவாகக் கிடைக்கும் கேபிளில் பெரும்பாலும் தாமிரம் பூசிய அலுமினியம்தான் இருக்கும். ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் செம்பு நிறமே தெரிந்தால் நல்லது, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது புதிதில் ஓடும். வளைவிலும் பிளக் கடித்த இடத்திலும் நாளடைவில் முறிந்துபோகும்.

பிளக்கை நாங்களே கிரிம்ப் செய்யலாமா (வயரில் கடித்துப் பொருத்தலாமா)? கலர் வரிசை என்ன?

செய்யலாம். பிளக்கின் கிளிப் கீழே இருக்க, தங்கநிறப் பின்கள் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. கேபிளின் வெளித் தோலும் பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும். தோல் வெளியே நின்றால் இழுவை முழுதும் மெல்லிய கம்பிகள் மேல் விழும்.

சாதாரண வீட்டு டிவிஆரின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். அதற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். எலி கடித்து நீலமோ பழுப்போ அறுந்திருந்தாலும் டிவிஆர் ஓடிக்கொண்டிருக்கும். ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில் ஒன்று போனால் நின்றுவிடும். கேபிள் டெஸ்டரில் நான்கு லைட் மட்டும் எரிகிறதே என்று பதற வேண்டாம், எந்த நான்கு என்று பாருங்கள்.

மோடத்தில் எந்தப் போர்ட்டில் மாட்ட வேண்டும்?

லேன் என்று எழுதியிருப்பதில். பக்கத்திலேயே கொஞ்சம் சிறிதாக இருப்பது போன் போர்ட். அதில் மாட்டினால் ஒன்றும் நடக்காது. சரியாக மாட்டியதும் டிவிஆரின் பின்னால் போர்ட் ஓரத்தில் சின்ன விளக்கு எரியும், டேட்டா போகும்போது மினுக்கும். விளக்கே எரியவில்லை என்றால் மெனுவுக்குள் போவது வீண். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் ஐபி வராவிட்டால் மோடத்தில் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். சில மோடங்களில் ஒரு போர்ட்டை டிவி பெட்டிக்கென்று கம்பெனியே ஒதுக்கி வைத்திருக்கும். லோக்கல் கேபிள் ஆபரேட்டர் கொடுக்கும் மோடம் சிலவற்றில் லேன் போர்ட்டே ஒன்றுதான் இருக்கும். அதற்கு 5 போர்ட் ஸ்விட்ச் வாங்கிப் போடுங்கள். ஒரு பிளக்கை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் வேண்டாம்; இரண்டு சாதனம் ஒரே நேரத்தில் அதில் ஓடாது.

டிவிஆரில் ஐபி எப்படிக் கொடுப்பது?

முதலில் ரவுட்டரின் ஐபி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். வைஃபையில் இருக்கும் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் கேட்வே என்று ஒரு எண் இருக்கும், அதுதான். ஜியோ ஃபைபரில் 192.168.29.1, டிபி லிங்க் ரவுட்டர்களில் 192.168.0.1 அல்லது 192.168.1.1, மற்ற பல மோடங்களில் 192.168.1.1.

இனி டிவியில் டிவிஆர் திரையை வைத்து, மவுஸில் வலது பட்டனை அழுத்தி மெயின் மெனு, அங்கிருந்து நெட்வொர்க், அதற்குள் டிசிபி/ஐபி அல்லது ஜெனரல். அங்கே டிஎச்சிபி என்று ஒரு கட்டம். அதை டிக் செய்து அப்ளை கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ரவுட்டர் தானாக ஒரு ஐபி கொடுத்துவிடும். மொபைல் ஆப்பில் பார்ப்பது மட்டுமே வேலை என்றால் இத்தோடு விட்டுவிடலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலோ டிவியிலோ ஐபி போட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த எண் மாறாமல் இருக்க வேண்டும். அப்போது டிஎச்சிபி டிக்கை எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம்:

ஐபி: 192.168.1.200
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.1.1
டிஎன்எஸ்: 8.8.8.8, இரண்டாவது 1.1.1.1

200 என்பது ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது விருந்தாளி போனுக்கு அதே எண் போய், இரண்டும் மோதும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க எண், முடிவு எண் இருக்கும், அங்கே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்கும் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: டிவிஆரில் டிஎச்சிபியையே வைத்துக்கொண்டு, அதன் மேக் எண்ணுக்கு (ஒவ்வொரு சாதனத்துக்கும் கம்பெனியே கொடுத்திருக்கும் அடையாள எண்) ரவுட்டரில் ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

டிஎன்எஸ் என்பது இணையப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர். அந்தக் கட்டம் காலியாக இருந்தாலோ தவறாக இருந்தாலோ வீட்டுக்குள் எல்லாம் சரியாக ஓடும்; ஆப்பில் மட்டும் ஆஃப்லைன் காட்டும். கை வைத்து ஐபி எழுதிய டிவிஆர்களில் அதிகம் தவறும் இடம் இதுதான்.

ஏர்டெல்லில் இருந்து ஜியோவுக்கு மாறினோம் அண்ணாச்சி, அன்றைக்கே கேமரா போச்சு. டிவிஆர் கெட்டுவிட்டதா?

டிவிஆர் நன்றாகத்தான் இருக்கும். பழைய மோடம் 192.168.1 வரிசை, புதியது 192.168.29 வரிசை. டிவிஆரில் பழைய ஐபியும் பழைய கேட்வேயும் கையால் எழுதியிருக்கிறது. அது இப்போது இல்லாத ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் மெனுவில் டிஎச்சிபியை டிக் செய்தால் சரியாகிவிடும். டிஎன்எஸ்ஸையும் தானாக எடுக்கும்படி மாற்றுங்கள். ஆப்பில் ஒன்றும் தொட வேண்டாம். டிவிஆரின் சீரியல் எண் மாறவில்லை என்பதால் பழைய கணக்கிலேயே திரும்ப ஆன்லைன் ஆகும்.

நெட் கம்பெனி மாற்றும் ஒவ்வொரு முறையும் இது வரும். அதனால் சொந்தக் காரணம் எதுவும் இல்லாதவர்கள் முதலிலேயே டிஎச்சிபியில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மொபைலில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

ஹிக்விஷனுக்கு ஹிக் கனெக்ட், தாகுவாவுக்கு டிஎம்எஸ்எஸ். சிபி பிளஸுக்கும் மற்றவற்றுக்கும் பெட்டியிலோ மேனுவலிலோ எழுதியிருக்கும் ஆப். டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் பிளாட்ஃபார்ம் ஆக்சஸ் அல்லது பி2பி (கம்பெனியின் சர்வர் வழியாக டிவிஆரை ஆப்போடு இணைக்கும் வசதி) என்ற இடத்துக்குப் போய் எனேபிள் டிக் செய்யுங்கள். ஹிக்விஷனில் ஒரு வெரிஃபிகேஷன் கோடு வைக்கச் சொல்லும். அதை எழுதி வையுங்கள், பின்னால் படம் திறக்கும்போது மறுபடி கேட்கும். ஸ்டேட்டஸ் ஆன்லைன் என்று மாறிய பிறகே அங்கே தெரியும் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆஃப்லைன் என்று இருக்கும்போது ஸ்கேன் செய்து பயனில்லை. ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் இன்னொரு தடவை பாருங்கள்.

முடிந்ததும் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வைஃபையில் மட்டும் வந்தால் இணைப்பு பாதிதான் முடிந்திருக்கிறது.

வேறு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வருகிறதே?

கேமரா மாட்டியவர் தன் போனில், தன் கணக்கில் உங்கள் டிவிஆரைச் சேர்த்துக் காட்டியிருப்பார். ஹிக் கனெக்டில் ஒரு டிவிஆருக்கு ஒரே ஒரு கணக்குதான் சொந்தம். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து ஷேர் செய்யலாம். அதாவது இப்போதைக்கு உங்கள் வீட்டுப் பட்டாசலும் தார்சாவும் அவர் போனில்தான் இருக்கிறது.

அவரைக் கூப்பிட்டு அவர் ஆப்பிலிருந்து டிவிஆரை நீக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால், புதிய மாடல்களில் டிவிஆர் இருக்கும் அதே வைஃபையில் போனை வைத்து, டிவிஆரின் பாஸ்வேர்டைக் கொடுத்து அன்பைண்ட் செய்ய (பழைய கணக்கிலிருந்து விடுவிக்க) வழி இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் இந்தப் பிணைப்பு போகாது. அது டிவிஆருக்குள் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது.

புதிதாக கேமரா போடுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்: கணக்கு உங்கள் போன் நம்பரில், அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில், பிறகுதான் பாக்கிப் பணம்.

பிள்ளைகள் துபாயில். ஆச்சி தனியாக இருக்கிறார்கள். அங்கிருந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஊரில் ஒருவர் கணக்கில் டிவிஆரைச் சேர்த்து, பிள்ளைகள் கணக்குக்கு ஷேர் செய்யுங்கள். ஹிக் கனெக்டில் பதிவு செய்யும்போது எந்த நாடு என்று கேட்கும். துபாயில் இருப்பவரும் இந்தியா என்றே கொடுப்பது நல்லது. நாடு வேறாக இருந்தால் ஷேர் செய்யும்போது சிக்கல் வரும். ஒரு தடவை கொடுத்த நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது.

ஷேர் செய்யும்போது எந்தெந்த கேமரா, நேரலை மட்டுமா, பழைய பதிவும் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிட வேண்டியதில்லை. ஆச்சி இருக்கும் அரங்குக்குள் (உள்ளறைக்குள்) கேமரா வைப்பதாக இருந்தால் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

மோடம் தார்சாவில், டிவிஆர் மச்சில். வயர் இழுக்க மனசில்லை. வைஃபையில் இணைக்கலாமா?

பெரும்பாலான டிவிஆரில் வைஃபை கிடையாது. பின்னால் இருக்கும் யூஎஸ்பி மவுஸுக்கும் பென்டிரைவுக்கும். வைஃபை டாங்கிள் மாட்டினால் ஓடும் என்று கடையில் சொன்னாலும், அந்த மாடல் ஏற்கும் சிப் உள்ள டாங்கிளாக இருந்தால்தான் ஓடும். மேனுவலில் பெயர் சொல்லியிருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் காசு தண்டம்.

லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் நல்ல வழி. அதை டிவிஆர் பக்கத்தில் வைத்து, வைஃபையை வாங்கி லேன் வழியாக டிவிஆருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய காரை வீடுகளின் தடித்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு அறை தாண்டுவதே பாடு.

பவர்லைன் அடாப்டர் என்று இன்னொன்று உண்டு, வீட்டு மின்வயரிலேயே நெட்டைக் கடத்தும். த்ரீ பேஸ் சர்வீஸ் வாங்கிய வீட்டில் மோடம் ஒரு பேஸிலும் டிவிஆர் வேறு பேஸிலும் இருந்தால் சிக்னல் வராது, வந்தாலும் விட்டுவிட்டு வரும். ஸ்பைக் பஸ்டரில் மாட்டினாலும் சிக்னல் செத்துவிடும். நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்ட வேண்டும். வாங்கும் முன் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு பிவிசி பைப்பில் கேட்6 இழுப்பதுதான் நிம்மதி. கேமரா கேபிள் தட்டட்டியிலிருந்து (மொட்டைமாடியிலிருந்து) இறங்கும் வழியிலேயே இதுவும் வரும்.

வீட்டில் ரெண்டு ரவுட்டர் இருக்கிறது. ஆப்பில் வருகிறது, கம்ப்யூட்டரில் ஐபி போட்டால் வரவில்லை. ஏன்?

கம்பெனி மோடம் ஒரு நெட்வொர்க், நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர் அதற்குள் இன்னொரு நெட்வொர்க். டிவிஆர் ஒன்றிலும் கம்ப்யூட்டர் மற்றதிலும் இருக்கிறது. ஆப் வெளியே போய்ச் சுற்றி வருவதால் அதற்கு இது தெரிவதில்லை. உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையிலிருந்தும் டிவிஆர் தெரியாது, அது வேண்டுமென்றே அப்படி வைத்தது.

கம்ப்யூட்டரில் ஐபி அடித்தால் பக்கம் திறக்கிறது, படம் மட்டும் வரவில்லை?

பழைய டிவிஆர்களின் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பி எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அதை 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. எட்ஜ் பிரவுசரில் ஐஇ மோட் என்று உண்டு, அதில் திறந்து பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியின் சொந்த மென்பொருள்: ஹிக்விஷனுக்கு ஐவிஎம்எஸ் 4200, தாகுவாவுக்கு ஸ்மார்ட் பிஎஸ்எஸ். பெட்டியிலிருந்து எடுத்த பிறகு ஐபி மாற்றாத ஹிக்விஷன் 192.168.1.64 என்றும், தாகுவா 192.168.1.108 என்றும் இருக்கும்.

போர்ட் ஃபார்வர்டிங் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம். ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து, வெளியிலிருந்து நேராக டிவிஆருக்குள் வர விடுவதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, பெரும்பாலும் நடக்கவே நடக்காது. ஜியோவும் பல லோக்கல் ஃபைபர்காரர்களும் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கிறார்கள். பழைய வளவு வீடு மாதிரி: உள்ளே பத்துக் குடித்தனம், தெருவுக்கு ஒரே வாசல், வெளியே இருந்து வருகிறவருக்கு உங்கள் கதவு எது என்று தெரியாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபியை, அதாவது நெட் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அல்லது உங்கள் ஐபி எது என்று காட்டும் இணையதளத்தில் வரும் எண்ணிலிருந்து மாறுபட்டால், நீங்கள் அந்த வளவில் இருக்கிறீர்கள். அங்கே போர்ட் திறந்தாலும் டிடிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரில் தேட வைக்கும் சேவை) போட்டாலும் பிரயோஜனமில்லை. தனியாக ஸ்டாட்டிக் ஐபி காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 80, 554, ஹிக்விஷனின் 8000, தாகுவாவின் 37777 என்று போர்ட் எண்களைத் திறந்துவிட்டால் உலகமே வந்து தட்டும். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் மாற்றாமல் விட்ட ஆரம்பப் பாஸ்வேர்டுகளை வைத்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அந்தக் கூட்டத்தால் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே தடுமாற வைத்தார்கள். 2021இல் ஹிக்விஷன் சாதனங்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. ஃபர்ம்வேர் (டிவிஆருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாதவர்களுக்கு அது இன்னும் திறந்தே இருக்கிறது.

ஆப்பின் பி2பி போதும். ரவுட்டரில் யுபிஎன்பி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள், டிவிஆர் மெனுவிலும் அணையுங்கள். அது உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும். ஆபீஸ் தேவைக்காக நேரடி அணுகல் வேண்டும் என்பவர்கள் விபிஎன் வைத்துக்கொள்ளட்டும்.

ஆப்பில் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டேட்டா எவ்வளவு போகும்?

வெளியிலிருந்து பார்க்கும்போது வேலை செய்வது உங்கள் வீட்டு அப்லோட் வேகம். ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். டிவிஆர் ஒவ்வொரு கேமராவுக்கும் முழுத் தரத்தில் மெயின் ஸ்ட்ரீம், குறைந்த தரத்தில் சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு தரும். மெயின் ஸ்ட்ரீம் 1080 தரத்தில் ஒரு கேமராவுக்கு எச்.265இல் சுமார் 2 எம்பிபிஎஸ், எச்.264இல் சுமார் 4 வைக்கலாம் (இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள்). எட்டு கேமராவையும் ஒன்றாக மெயின் ஸ்ட்ரீமில் திறந்தால் 16 முதல் 32 வரை அப்லோட் வேண்டும். பல கேமராவை ஒரே திரையில் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீம், ஒன்றை மட்டும் பெரிதாக்கும்போது மெயின் என்று ஆப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எப்போதும் மெயினில்தான் நடக்கும், அது குறையாது.

டேட்டா கணக்கு எளிது: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. சப் ஸ்ட்ரீம் அரை எம்பிபிஎஸ் என்று நான்கு கேமரா பார்த்தால் மணிக்கு 900 எம்பி. ஃபைபரில் இது ஒரு பொருட்டில்லை. யாரும் ஆப்பில் பார்க்காத நேரத்தில் நெட்டில் போவது மிகக் கொஞ்சம். பதிவு டிவிஆரின் ஹார்ட்டிஸ்கில்தான் ஏறுகிறது.

தோட்டத்து மோட்டார் ரூமில் டிவிஆர், வீட்டிலிருந்து 300 மீட்டர். எப்படி இணைப்பது?

கேட்6 அந்தத் தூரம் போகாது. நடுவில் ஸ்விட்ச் வைத்து நீட்டினாலும் இடி விழுந்தால் எல்லாம் சேர்ந்து போகும். ஃபைபர் டிராப் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் வயராக மாற்றும் பெட்டி) போடுவதுதான் சரி. ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550இல். இரண்டும் ஏ என்று வாங்கி வந்தால் விளக்கே எரியாது. ஃபைபர் முனையை ஒட்ட ஸ்ப்ளைசிங் மிஷின் வேண்டும், உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரரிடமே இருக்கும்.

இழுக்க வழியில்லாத இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் மட்டை அசையும்போதெல்லாம் சிக்னல் ஆடும், மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். ராதாபுரம், பணகுடி பக்கம் ஆடி மாதக் காற்றில் கம்பமே திரும்பிவிடும். இரண்டு பக்கமும் ஸ்டே கம்பி கட்டுங்கள்.

திசையன்விளைத் தேரிப் பக்கம் போல வீடும் இல்லாத வெறும் விளையில் 4ஜி சிம் ரவுட்டர்தான் வழி. தினம் 1.5 ஜிபி தரும் பேக் என்றால் மேலே சொன்ன கணக்கில் ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான். சப் ஸ்ட்ரீமில், தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

கரண்ட் போனால் கேமராவும் போகிறதே? இன்வெர்ட்டர் இருக்கிறது.

டிவிஆர், கேமராவின் எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மோடம் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். டிவிஆருக்கு மட்டும் கொடுத்து மோடத்தை விட்டுவிட்டால் பதிவு ஆகும், வெளியிலிருந்து பார்க்க முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிட்டால் டிவிஆர் கறுப்புத் திரையைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கும். நான்கு கேமரா வீட்டில் எல்லாம் சேர்ந்து சுமார் 40 முதல் 50 வாட், ஒரு ஃபேன் எடுக்கும் அளவு.

இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் டிவிஆர் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அடிக்கடி அணைந்து எழுவது ஹார்ட்டிஸ்குக்கு ஆகாது.

மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் கணக்குப் போட்டு வாங்குங்கள். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் பேட்டரியில். பெருக்கினால் 37 வாட் மணி. 10 வாட் மோடம் மூன்று மணி நேரம் ஓடும். ஈபி மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மத்தியானம் தாண்டியும் வராத நாள் உண்டு, அதற்கு இது பற்றாது. இத்தனையும் செய்தும் நெட் இல்லையென்றால் மோடத்தில் லாஸ் (LOS) விளக்கைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் ஒன்று ஃபைபர் அறுந்திருக்கும், இல்லையென்றால் கம்பெனி பக்கத்துப் பெட்டிக்கே கரண்ட் இல்லை. உங்கள் கையில் ஒன்றுமில்லை, புகார் கொடுங்கள்.

ஐப்பசி மழையில் இடி இடித்தது. அதிலிருந்து லேன் விளக்கு எரியவில்லை.

டிவிஆரின் லேன் சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கேபிளைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். அங்கே நெட் வந்தால் கேபிளும் மோடமும் நல்லது. டிவிஆரில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், நெட் மட்டும் வராது. போர்டு மாற்றும் செலவும் புது டிவிஆர் விலையும் கேட்டு முடிவெடுங்கள். நான்கு சேனல் பெட்டிக்குப் போர்டு மாற்றுவது கட்டுப்படியாகாது.

ஃபைபர் இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் தெருவிலிருந்து வரும் டிராப் கேபிளில் இழையோடு ஒட்டி ஒரு எஃகுக் கம்பி உண்டு, கம்பத்தில் கட்டுவதற்கு. அதை வெளிச்சுவரிலேயே வெட்டிவிட வேண்டும், மோடம் வரை கொண்டுவரக் கூடாது. தட்டட்டியில் வெயிலில் கிடக்கும் கேமரா கேபிள்கள்தான் இடி உள்ளே வரப் பெரிய வழி. டிவிஆர் பின்னால் எர்த் ஸ்க்ரூ இருந்தால் வீட்டு எர்த்தோடு இணையுங்கள். எர்த் கம்பி புதைத்த இடம் காய்ந்து கிடந்தால் எல்லாம் பேருக்குத்தான். மேகம் கறுக்கும்போது ஊருக்குக் கிளம்புகிறவர்கள் லேன் வயரையும் கழற்றிவிடுங்கள், பவர் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது.

உவரி, இடிந்தகரைப் பக்கம் ஆறு மாதத்தில் பிளக் பச்சை பூத்துவிடுகிறது.

உப்புக் காற்று. ஆர்ஜே45 (லேன் பிளக்) இணைப்பு எதையும் வெளியே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் கேஸ்கெட் உள்ள பெட்டிக்குள், கேபிள் கீழிருந்து நுழையும்படி, நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு. பச்சை பூத்த பிளக்கைச் சுரண்டிப் பிழைக்க வைக்க வேண்டாம், வெட்டிப் புதிதாகக் கடியுங்கள்.

டிவிஆரில் தேதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போகிறது.

உள்ளே காசு அளவு பேட்டரி இறந்துவிட்டது, பெரும்பாலும் சிஆர்2032. மாற்றுங்கள். நெட் வந்துவிட்டதால் என்டிபியையும் (நெட்டிலிருந்து நேரத்தைத் தானாக எடுப்பது) ஆன் செய்து, டைம் ஜோன் ஜிஎம்டி +5:30 என்று வையுங்கள். நேரம் தவறிய பதிவைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பாடு, போலீசிடம் கொடுத்தால் கேள்வியும் வரும்.

எங்கள் வீட்டில் இருப்பது என்விஆர் (நெட் வயரில் வரும் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி). இதே முறைதானா?

ஆமாம், ஒன்று மட்டும் கவனம். பின்னால் வரிசையாக இருக்கும் பிஓஇ போர்ட்கள் (ஒரே வயரில் நெட்டும் கரண்டும் தருபவை) கேமராவுக்கு. ரவுட்டர் வயர், தனியே நிற்கும் லேன் போர்ட்டில்.

அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

மாஸ்டர் பாஸ்வேர்டு தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். திரையில் ஃபர்கெட் பாஸ்வேர்டு அழுத்தினால், முதலில் கொடுத்த மின்னஞ்சலுக்கோ ஆப்புக்கோ கோடு வரும். ஹிக்விஷனில் முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்த ஜியுஐடி கோப்பும் உதவும். எதுவும் இல்லையென்றால் பில்லும் சீரியல் எண்ணும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர். இன்று பாஸ்வேர்டு தெரிந்தவர்கள், மெனுவுக்குள் போய் ரிசெட் மின்னஞ்சல் யாருடையது என்று இப்போதே பாருங்கள்.

பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறோம். எதையாவது செய்ய வேண்டுமா?

ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து டிவிஆரை நீக்குங்கள். ஷேர் செய்தவர்களுக்கும் அத்தோடு போய்விடும். பிறகு ஃபேக்டரி ரீசெட். ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூ, இரண்டு வயர். வீட்டுப் படம் ஓடிய டிஸ்கை ஃபார்மட் செய்து மட்டும் கொடுத்தால் மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள் மீட்டெடுத்துவிடுவார்கள். புது டிவிஆர் அதே டிஸ்கை ஏற்கும், ஆனால் மாட்டியதும் புதிதாக ஃபார்மட் கேட்கும். வேண்டிய பதிவை அதற்கு முன்பே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.